கண்ணுக்குள் அழற்சி எவ்வளவு? படம் எடுத்து அளக்கும் முறை

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை இப்போதே எடுக்க வேண்டாம். யுவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி, என்று சீட்டில் எழுதிக்கொண்டு ஒரு நோயாளி வந்தால், கண்ணின் முன்பக்கத்தில் நீர் நிறைந்திருக்கும் முன்னறையை அளந்து முடிக்கும்வரை அந்த மருந்துக்கு வேலை இல்லை. பல கிளினிக்குகளில் நேரம் மிச்சமாகட்டும் என்று நோயாளி வந்து உட்கார்ந்ததுமே சொட்டு விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளியின் விழித்திரையைப் பார்ப்பதற்கு அது சரி. அழற்சியை அளப்பதற்குச் சரிவராது. கண்மணி விரியும்போது அதைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸிலிருந்து நிறமித் துகள்கள் உதிரலாம். அவை முன்னறை நீரில் மிதந்தால் ஸ்கேனில் வெள்ளையணுக்களைப் போலவே வெண்புள்ளியாகத் தெரியும். எது நோயால் வந்தது, எது மருந்தால் வந்தது என்று அப்புறம் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நான் மலேசியாவில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு கண் கிளினிக்கில் இமேஜிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிறையிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் பாலம் தாண்டி வருகிறவர்கள், நிபோங் திபாலிலிருந்து மகன் காரில் வருகிற பெரியவர்கள் என்று பலரும் என் நாற்காலியில் உட்கார்கிறார்கள். ஆப்டோமெட்ரி முடித்துவிட்டு இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நோயாளிகளும் படிக்கலாம், தங்கள் கண்ணில் என்ன அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லதுதான்.

யுவியைட்டிஸ் என்பது கண்ணின் நடு அடுக்கில் வரும் அழற்சி. முன்னால் ஐரிஸ், பின்னால் விழித்திரைக்கு அடியிலுள்ள இரத்தக்குழாய்ப் படலமான கோராய்டு, இடையில் சீலியரி பகுதி. இந்த நோயாளியைப் பார்க்கும்போது டாக்டர் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: போன தடவையைவிடக் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? அதை வைத்துத்தான் ஸ்டீராய்டு சொட்டு மணிக்கு ஒரு தரமா, நாளைக்கு நாலு தரமா என்று முடிவாகும். தேவைக்கு மேல் ஸ்டீராய்டு போனால் கண்புரை வரும், கண் அழுத்தம் ஏறி கிளௌகோமாவில் கொண்டுபோய் விடும். தேவைக்குக் குறைந்தால் ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும், விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் நீர் கோத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் பார்வைக்கு ஆபத்து. ஆகவே நாம் எடுத்துக் கொடுக்கும் எண்ணைப் போன மாத எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிய வேண்டும். அதே மெஷின், அதே ஸ்கேன் முறை, அதே அறை வெளிச்சம், முடிந்தால் அதே நேரம். இந்த வேலையில் கெட்டிக்காரத்தனம் என்று நான் மதிப்பது இந்த ஒழுங்கைத்தான்.

டாக்டர் கண்ணால் எண்ணுவது

முதலில், மெல்லிய ஒளிக்கற்றை பாய்ச்சிக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் எண் அதனோடு சேர்த்துத்தான் படிக்கப்படும். ஆரோக்கியமான கண்ணில் முன்னறை நீர் தெளிவாக இருக்கும், ஒளிக்கற்றை அதற்குள் போவதே தெரியாது. அழற்சி வந்தால் இரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து வெள்ளையணுக்களும் புரதமும் அந்த நீரில் கலக்கின்றன. இருட்டான வீட்டுக்குள் ஓட்டுச் சந்து வழியாக வெயில் விழும்போது தூசி பறப்பது தெரியுமே, அது மாதிரி கற்றைக்குள் செல்கள் மினுங்கும். புரதம் கலந்திருந்தால் கற்றை முழுவதுமே புகை படர்ந்தாற்போல் தெரியும். அதை ஃப்ளேர் என்கிறோம்.

2005-ல் யுவியைட்டிஸ் நிபுணர்கள் பல நாடுகளிலிருந்து கூடி ஒரு பொது அளவுகோலை வெளியிட்டார்கள். சன் அளவுகோல் என்று அழைப்போம். ஒளிக்கற்றையை 1 மி.மீ.க்கு 1 மி.மீ. ஆகச் சுருக்கி, அந்தக் கட்டத்துக்குள் தெரியும் செல்களை எண்ண வேண்டும். ஒன்றுகூட இல்லையென்றால் 0. 1 முதல் 5 வரை அரை பிளஸ், 6 முதல் 15 வரை 1 பிளஸ், 16 முதல் 25 வரை 2 பிளஸ், 26 முதல் 50 வரை 3 பிளஸ், அதற்கு மேல் 4 பிளஸ். இரண்டு படி இறங்கினாலோ 0-க்கு வந்தாலோ முன்னேற்றம், இரண்டு படி ஏறினாலோ 3-லிருந்து 4-க்குப் போனாலோ மோசம் என்று வைத்திருக்கிறார்கள்.

நல்ல அளவுகோல்தான், உலகம் முழுவதும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் 26 செல்லும் 50 செல்லும் ஒரே படியில் விழுகின்றன. நோயாளியின் கண்ணில் பாதிக்குப் பாதி குறைந்திருந்தாலும் சீட்டில் அதே 3 பிளஸ்தான் ஏறும். அத்தோடு, அசையும் துகள்களைச் சில நொடிகளில் எண்ணும்போது இரண்டு டாக்டர்களுக்கு இரண்டு எண் வருவது இயல்பு. படி மாறாமல் உள்ளே நடக்கும் மாற்றத்தைப் பிடிப்பதற்குத்தான் ஓசிடி என்ற ஸ்கேன் கைகொடுக்கிறது.

முன்னறை ஓசிடி எடுப்பது

ஓசிடி 1991-ல் அமெரிக்காவில் எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் உலகுக்குக் காட்டிய நுட்பம். ஒளியை உள்ளே அனுப்பி, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்துக் குறுக்குவெட்டுப் படம் தருகிறது. கண்ணைத் தொடுவதே இல்லை. முன்பகுதிக்கென்று இருக்கும் மெஷின்களில் பல 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்கின்றன. கண்ணின் வெள்ளைப் பகுதிக்குள்ளும் அது ஊடுருவும், முன்னறை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும். விழித்திரை ஓசிடியில் முன்பகுதி லென்ஸ் மாட்டி எடுப்பது 840 நானோமீட்டர் பக்கம். அது சிறிய பகுதியைத்தான் காட்டும், ஆனால் நுணுக்கம் அதிகம், சுமார் 5 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். வெள்ளையணு ஒன்று ஏறக்குறைய 10 மைக்ரான் என்பதால் இரண்டிலும் செல் புள்ளியாகத் தெரியும். எதில் தொடங்கினீர்களோ அதிலேயே அந்த நோயாளியைத் தொடருங்கள்.

2009-ல் சென்னை அகர்வால் கண் மருத்துவமனைக் குழுவினர் முன்னறைச் செல்களை ஓசிடியில் படம் பிடித்து டாக்டரின் கணக்கோடு ஒப்பிட்டு ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கண்ணின் முன்னால் கண்ணாடி போல் இருக்கும் கருவிழி மங்கிப்போய் ஸ்லிட் லேம்ப்பில் உள்ளே சரியாகத் தெரியாத கண்ணிலும் ஓசிடி உதவுகிறது என்று அவர்கள் காட்டியது முக்கியமான விஷயம். தமிழ்நாட்டிலிருந்து வந்த வேலை என்பதால் எனக்கு அதில் தனிச் சந்தோஷமும் உண்டு.

இனி செய்முறை. நோயாளி வந்ததும் கடைசியாக எந்தச் சொட்டு, எத்தனை மணிக்கு விட்டார் என்று கேட்டு எழுதுங்கள். "மருந்து விட்டீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் "விட்டேன்" என்றுதான் சொல்வார்கள். "காலையில சாப்பிடறதுக்கு முன்னாடியா பின்னாடியா, பாட்டில் மூடி என்ன கலரு?" என்று கேளுங்கள், உண்மை வரும். சிவப்பு மூடி என்றால் கண்மணி மருந்தாக இருக்கலாம். டாக்டரே வலிக்காக அட்ரோபின் கொடுத்திருப்பார். அப்படியானால் கண்மணி ஏற்கெனவே விரிந்துதான் இருக்கும். பரவாயில்லை, விரிந்த நிலையில் எடுத்தது என்று குறித்துக்கொண்டு எடுங்கள். கண் அழுத்தம் பார்ப்பது, ஃப்ளூரசீன் சாயச் சொட்டு விடுவது எல்லாம் இந்த ஸ்கேனுக்கு அப்புறம்.

பத்து நிமிடம் உட்கார வையுங்கள். படுத்த நிலையிலிருந்து வீல்சேரில் நேராக வந்தவர் என்றால் இது மிக அவசியம். முன்னறை நீர் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஐரிஸ் பக்கம் உடல் சூடு, கருவிழி பக்கம் வெளிக்காற்றின் குளிர்ச்சி. அதனால் நீர் ஐரிஸை ஒட்டி மேலே ஏறி, கருவிழியை ஒட்டிக் கீழே இறங்கிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. செல்களும் கூடவே சுற்றும், கனமானவை கீழே தங்கும். எனவே கீழ்ப்பாதியில் புள்ளிகள் அதிகமாகவும் மேல்பாதியில் குறைவாகவும் இருப்பது சகஜம். நடுவில் மட்டும் ஒரு கோடு ஸ்கேன் எடுத்துவிட்டு "செல் இல்லை" என்று எழுதக் கூடாது. நடுவில் கிடைமட்டமாக, நடுவில் செங்குத்தாக, கீழ்ப்பாதியில் கிடைமட்டமாக, குறைந்தது இந்த மூன்றையும் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் இதே மூன்று.

கண் இமையைத் தூக்கும்போது விரலை எலும்பின் மேல் வைத்துத் தூக்குங்கள், கண்ணின் மேல் அழுத்தாதீர்கள். "ஐயா, தாடைய இங்க வைங்க, நெத்தியை ஒட்டி வைங்க, பச்சை வெளிச்சத்தையே பாருங்க, இப்ப ஒரு தரம் நல்லா கண்ணைச் சிமிட்டுங்க, அப்படியே திறந்து வைங்க." இந்த ஒரு வரியை நிதானமாகச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி. யுவியைட்டிஸ் கண் வெளிச்சத்துக்குக் கூசும், நீர் வடியும், திறந்து வைப்பதே வலிக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டால் அவர்களுக்கும் ஆறுதல், நமக்கும் அதுதான் வேண்டும்.

கருவிழியின் உச்சியில் ஒளி நேராகத் திரும்பி வரும்போது திரையில் செங்குத்தாகப் பளிச்சென்று ஒரு கோடு விழும். நடுவில்தான் எடுக்கிறோம் என்பதற்கு அது அடையாளம். ஆனால் மிகப் பளிச்சென்று இருந்தால் பக்கத்தில் உள்ள புள்ளிகளை அது மறைத்துவிடும். கோடு தெரிந்ததும் மயிரிழை அளவு நகர்த்தி, அது மங்கியதும் எடுங்கள்.

அடுத்து, படம் அழகாக வர வேண்டும் என்று மெஷின் ஒரே இடத்தைப் பல முறை எடுத்துச் சராசரி போடும். விழித்திரைக்கு அது நல்லது, அங்கே எதுவும் நகர்வதில்லை. முன்னறையில் செல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு ஃப்ரேமில் இங்கே இருந்த புள்ளி அடுத்த ஃப்ரேமில் தள்ளி இருக்கும். சராசரி போட்டால் இரண்டும் மங்கி, சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். படம் பளிங்கு மாதிரி சுத்தமாக வரும், கண்ணில் அழற்சி அப்படியே இருக்கும். ஆகவே முன்னறைச் செல் எண்ணும் ஸ்கேனில் சராசரியை அணைத்துவிடுங்கள், அல்லது மெஷின் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவில் வையுங்கள். கொஞ்சம் பொரிபொரியாக இருக்கும் படம்தான் இங்கே நேர்மையான படம். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் ஒரு அளவில் பூட்டிவிட்டு அதைத் தொடக்கூடாது.

பொரிக்கும் செல்லுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? அடுத்த கண்ணையும் அதே அமைப்பில் எடுங்கள். ஒரு கண்ணில்தான் நோய் என்றால் நல்ல கண் உங்கள் அளவுகோல். அங்கே முன்னறையில் தெரியும் பொரியின் பிரகாசம் எவ்வளவோ, அதைத் தாண்டிய புள்ளியைத்தான் நோயுற்ற கண்ணில் செல்லாக எண்ண வேண்டும். இரண்டு கண்ணிலும் நோய் இருந்தால், கருவிழிக்கு வெளியே காற்றுப் பகுதியில் தெரியும் பொரியைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

எண்ணும்போது கருவிழியின் உள்விளிம்பையும் ஐரிஸ், லென்ஸ் மேற்பரப்பையும் ஒட்டி ஒரு சிறு இடைவெளியை விட்டுவிடுங்கள். கருவிழியின் உட்புறத்தில் செல்கள் திட்டாக ஒட்டியிருக்கும், அது வேறு கணக்கு, தனியாக எழுத வேண்டும். மிச்சப் பகுதியின் பரப்பளவைக் குறித்து, புள்ளிகளை எண்ணி, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை என்று வகுத்துப் போடுங்கள். பெரும்பாலான மெஷின்களில் இதற்கான மென்பொருள் கூடவே வருவதில்லை. இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தில் உருவானது, அதில் எண்ணலாம். அவசர நாளில் கையால் எண்ணினாலும் போதும், ஆனால் அடுத்த தடவையும் கையால்தான்.

ரிப்போர்ட்டில் "அழற்சிச் செல்" என்று எழுதாதீர்கள். "பிரகாசமான புள்ளிகள்" என்று எழுதுங்கள். ஓசிடிக்கு வெள்ளையணுவும் சிவப்பணுவும் நிறமித் துகளும் ஒன்றுதான். கண்புரை ஆபரேஷன் முடிந்த கண்ணிலும் புள்ளி தெரியும், அடிபட்டு இரத்தம் கசிந்த கண்ணிலும் தெரியும். அது என்ன என்று சொல்ல வேண்டியவர் டாக்டர்.

பிள்ளைகள்

சிறுவர் மூட்டுவாதத்தோடு வரும் யுவியைட்டிஸ் பற்றி இரண்டு வார்த்தை. அந்தப் பிள்ளைகளின் கண் பெரும்பாலும் சிவக்காது, வலிக்காது. வெளியே பார்த்தால் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், உள்ளே அழற்சி ஓடிக்கொண்டிருக்கும். பெற்றோர் "பிள்ளை நல்லாத்தானே இருக்கான், எதுக்கு மாசாமாசம் வரணும்?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டுங்கள். கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவே கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெண்புள்ளிகளைப் பார்த்ததும் அந்தக் கேள்வி நின்றுவிடும். நான் விளக்கமாகச் சொன்னதைவிட அந்தப் படம் பல தாய்மாரை ஒழுங்காகத் திரும்பி வர வைத்திருக்கிறது. சின்னப் பிள்ளையை அம்மா மடியில் உட்கார வைத்து, ஒரே ஒரு கிடைமட்ட ஸ்கேனாவது எடுத்துவிடுங்கள். அழ ஆரம்பித்தால் விடுங்கள். பயந்துபோன பிள்ளை அடுத்த மாதம் அறைக்குள்ளேயே வராது.

ஃப்ளேர்

புரதத்தை அளக்க லேசர் ஃப்ளேர் ஃபோட்டோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. 1988-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அறிமுகப்படுத்தினார்கள், கோவா (Kowa) என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரிக்கிறது. மெல்லிய லேசர் கற்றை முன்னறைக்குள் போய்ப் புரதத்தில் பட்டுச் சிதறும். சிதறி வரும் ஒளித்துகள்களை ஒரு மில்லிசெகண்டுக்கு இத்தனை என்று எண்ணிச் சொல்லும். நல்ல கண்ணில் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும், கடுமையான அழற்சியில் நூற்றுக்கணக்கில் போகும். எல்லாக் கிளினிக்கிலும் இது இருக்காது. இருந்தால், சொட்டுகளுக்கு முன், இருட்டறையில், பல தடவை எடுத்துச் சராசரி போடுங்கள், பின்னணி ஒளி மாறிப்போன அளவுகளைத் தள்ளிவிடுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நெடுநாள் நோயில் இரத்தக்குழாய்ச் சுவர் நிரந்தரமாகப் பழுதாகிவிட்டால், செல் முழுவதும் அடங்கிய பிறகும் ஃப்ளேர் கொஞ்சம் தங்கிவிடும். அந்த நோயாளிக்கு அதுதான் அடித்தளம், அதிலிருந்து ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி மருந்து விடலாம்: மாக்குலா

முன்னறை வேலை முடிந்தது. இப்போது கண்மணியை விரித்துப் பின்பக்கம் போகலாம். ஐரிஸ் லென்ஸோடு ஒட்டியிருந்தால் கண்மணி கோணல்மாணலாகத்தான் விரியும், சில கண்ணில் விரியவே விரியாது. பரவாயில்லை, மாக்குலா ஓசிடிக்குச் சின்னத் திறப்பே பெரும்பாலும் போதும். எந்த இடைவெளி வழியாக நன்றாகத் தெரிகிறதோ அங்கிருந்து எடுங்கள்.

யுவியைட்டிஸில் பார்வை போவதற்கு மாக்குலா வீக்கம் பெரிய காரணம். மெஷின் மாக்குலாவின் மேல் 1, 3, 6 மில்லிமீட்டர் விட்டத்தில் மூன்று வட்டம் போட்டு ஒன்பது பகுதிகளின் தடிமனைத் தரும். நாம் பின்தொடர்வது நடு வட்டத்தின் எண். முதல் தடவை எடுத்த ஸ்கேனை ஆதாரமாக வைத்து, ஃபாலோ-அப் என்ற அமைப்பில் எடுத்தால் மெஷினே இரத்தக்குழாய்களை அடையாளம் வைத்து அதே இடத்தில் கோட்டைப் போடும். அதை விட்டுவிட்டுப் புதிய ஸ்கேன் எடுத்தால் பழைய எண்ணோடு ஒப்பிடுவது பாதி அர்த்தமிழந்துவிடும்.

எண்ணைப் படிக்கும் முன் மெஷின் போட்ட எல்லைக் கோடுகளை ஒவ்வொரு ஸ்கேனிலும் பாருங்கள். உள்ளே நீர்க்கட்டிகள் இருந்தாலோ கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் கூழான விட்ரியஸ் கலங்கியிருந்தாலோ கோடு தப்பான அடுக்கில் ஏறி இறங்கும், எண் கெட்டுப்போகும். சிரஸ் மெஷினில் சிக்னல் பத்துக்கு ஆறாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே வந்தால் கண்ணில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு ஒன்று விட்டு மறுபடி எடுங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் உள்ளே கலங்கல் இருக்கிறது என்று அர்த்தம், அதையும் எழுதுங்கள்.

சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு ஆன்ட்டி வந்திருந்தார். கோலாலம்பூரில் மகள் வீட்டில் இருந்தபோது அங்கே எடுத்த ஸ்கேனைக் கையோடு கொண்டுவந்தார். எங்கள் எண்ணைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "கூடிப்போச்சேம்மா, மருந்து ஒழுங்காத்தானே போட்டேன்." இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே எடுத்தது சிரஸ், இங்கே எடுத்தது ஸ்பெக்ட்ராலிஸ். சிரஸ் விழித்திரையின் கீழ் எல்லையை நிறமி அடுக்கில் வைக்கிறது, ஸ்பெக்ட்ராலிஸ் அதற்கும் கீழே புரூக் சவ்வில் வைக்கிறது. ஒரே கண்ணை அடுத்தடுத்து எடுத்தாலும் பத்து இருபது மைக்ரான் வித்தியாசம் வரும். இன்னும் சில இடங்களில் இருக்கும் பழைய ஸ்ட்ராடஸோடு ஒப்பிட்டால் அறுபது எழுபதுகூடப் போகும், அது எல்லையை இன்னும் மேலே வைக்கிறது. ஆன்ட்டியின் இரண்டு படத்திலும் நீர்க்கட்டி இல்லை, குழிவு அழகாக இருந்தது. டாக்டருக்கு "வேறு மெஷின், ஒப்பிட வேண்டாம், இன்றைய எண்ணே புதிய தொடக்கம்" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு வரி இல்லாமல் போயிருந்தால் அவருக்கு மாத்திரை கூடியிருக்கலாம். நோயாளிகளுக்கு நான் சொல்வது: தாளை மட்டும் வாங்காதீர்கள், எந்த மெஷின் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நம் மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மிக அதிகம், தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்ப அதைத்தான் காட்டுகின்றன. மாக்குலா வீங்கியிருந்தால் அது யுவியைட்டிஸால் வந்ததா சர்க்கரையால் வந்ததா என்ற கேள்வி எழும். எண் அதற்குப் பதில் சொல்லாது. ஆகவே விழித்திரையில் இரத்தக் கசிவுப் புள்ளிகளும் மஞ்சள் படிவுகளும் இருக்கின்றனவா என்று சாதாரண ஃபண்டஸ் படமும் கூடவே எடுத்து வையுங்கள். சமீபத்திய சர்க்கரை அளவையும் சீட்டில் குறியுங்கள்.

விழித்திரைக்கும் பின்னால் கோராய்டு. வோக்ட்-கோயனாகி-ஹராடா நோய் நம்மைப் போன்ற ஆசிய மக்களிடம் அதிகம் காணப்படுவது. அதில் கோராய்டு தடித்துப்போகும், விழித்திரைக்கு அடியில் நீர் தேங்கும். ஓசிடியில் ஆழப் படம் எடுக்கும் அமைப்பைப் போட்டு, மாக்குலா நடுவுக்கு நேர் கீழே, நிறமி அடுக்கின் வெளிவிளிம்பிலிருந்து கண்ணின் வெள்ளைச் சுவரான ஸ்க்ளீராவின் உள்விளிம்பு வரை அளக்க வேண்டும். சில கண்ணில் கோராய்டு எவ்வளவு தடித்திருக்கும் என்றால் கீழ் எல்லையே படத்தில் விழாது. அப்போது ஊகித்து எண் போடாமல் "எல்லை தெரியவில்லை" என்று எழுதுங்கள், அதுவே டாக்டருக்குப் பெரிய செய்தி. கோராய்டு தடிமன் ஆரோக்கியமான கண்ணிலும் காலையில் கூடுதலாகவும் நேரம் போகப்போகக் குறைந்தும் இருக்கும். இதற்காகத்தான் இந்த நோயாளிகளுக்கு நான் எப்போதும் காலை நேரமே கொடுக்கிறேன். பாலத்து நெரிசலைக் காரணம் சொல்லி மத்தியானம் கேட்பார்கள். சரி, மத்தியானம்தான் வசதி என்றால் எல்லாத் தடவையும் மத்தியானமே வரச் சொல்லுங்கள்.

விட்ரியஸ் கலங்கல்

இதற்கு 1985-ல் நுசன்பிளாட் குழுவினர் தந்த மாதிரிப் படங்கள் உண்டு. பார்வை நரம்பும் இரத்தக்குழாய்களும் எவ்வளவு மங்கலாகத் தெரிகின்றன என்பதை அவற்றோடு ஒப்பிட்டுத் தரம் போடுவார்கள். 2014-ல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக் குழு ஓசிடி படத்தில் விட்ரியஸின் பிரகாசத்தை நிறமி அடுக்கின் பிரகாசத்தால் வகுத்து ஒரு விகிதமாகக் கொடுக்கலாம் என்று காட்டியது. அன்றாட வேலையில் அது இன்னும் வழக்கமாகவில்லை. ஆனால் அதற்குத் தயாராக ஒன்று செய்யலாம்: மாக்குலா ஸ்கேன் எடுக்கும்போது படத்தை மேலே ஒட்டி வைக்காமல் விட்ரியஸுக்கும் இடம் விட்டு எடுங்கள்.

சாயம் ஏற்றி எடுக்கும் படம்

இரத்தக்குழாய் கசிகிறதா என்பதை ஓசிடி நேராகக் காட்டாது. சாயம் இல்லாமல் எடுக்கும் ஓசிடி ஆஞ்சியோகிராஃபியும் ஓட்டத்தைக் காட்டும், கசிவைக் காட்டாது. அதற்கு ஃப்ளூரசீன் ஆஞ்சியோகிராஃபிதான். 1961-ல் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் இருவர் தொடங்கி வைத்த முறை இன்றும் நிற்கிறது. வழக்கமாக 10 சதவீத ஃப்ளூரசீன் 5 மில்லி கையின் இரத்தக்குழாயில் ஊசி வழியாக ஏறும்.

முன்பே அலர்ஜி, ஆஸ்துமா, கர்ப்பம், முன்பு இந்தச் சாயம் ஏற்றி ஏதாவது ஆனதா என்று கேளுங்கள். அவசர மருந்துத் தட்டு அறைக்குள்ளேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், டாக்டர் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். கடுமையான ஒவ்வாமை அரிது, ஆனால் வரும்போது நிமிடங்களில் வரும். குமட்டல் சிலருக்கு வந்து ஒரு நிமிடத்தில் போய்விடும். தைப்பூச சமயத்தில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு விரதம் இருப்பவர்கள் வெறும் வயிற்றோடு வருவார்கள். அவர்களிடம் விரதத்தைப் பற்றி முன்கூட்டியே கேட்டு, அவசரமில்லை என்று டாக்டர் சொன்னால் தேதியைத் தள்ளி வையுங்கள். தோல் சில மணி நேரம் மஞ்சளாகும், சிறுநீர் ஒரு நாள் வரை ஆரஞ்சு நிறத்தில் போகும். இதை ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பயந்து போன் அடிக்க மாட்டார்கள்.

யுவியைட்டிஸில் கடைசிக் கட்டப் படம்தான் அதிகம் பேசும். பத்து நிமிடம் வரை காத்திருந்து எடுங்கள், பார்வை நரம்பு சாயத்தில் ஊறுகிறதா, மாக்குலாவில் பூவிதழ் போலச் சாயம் தேங்குகிறதா என்று பாருங்கள். ஓரங்களை விட்டுவிடக் கூடாது. இரத்தக்குழாய்களில் அழற்சி வரும் பெஹ்செட் நோயில் நுண்குழாய்கள் ஓரமெல்லாம் கசிந்து நிற்கும்போது நடு மட்டும் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். 200 டிகிரி அகலப்படம் எடுக்கும் ஆப்டோஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நோயாளியை எட்டுத் திசையிலும் பார்க்கச் சொல்லி எடுங்கள். கசிவு எவ்வளவு என்பதற்கு எண் போடுவது சிரமம். சாயம் ஏறியதிலிருந்து கணக்கிட்டு அதே நிமிடத்தில் எடுத்த பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துக் கொடுப்பதுதான் நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

எல்லாம் முடிந்ததும் சீட்டில் இவை இருக்க வேண்டும்: தேதி, மணி, மெஷின் பெயர், ஸ்கேன் முறை, கண்மணி விரிந்ததா இல்லையா, கடைசி ஸ்டீராய்டு சொட்டு எத்தனை மணிக்கு, சிக்னல் எவ்வளவு, எண்கள், டாக்டர் போட்ட சன் தரம். மறுமுறை வரும் நேரத்தையும் அதே சீட்டில் எழுதி, எந்தச் சொட்டை விட்டு வரலாம், எதை விடாமல் வர வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு நோயாளிக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். வயதானவர் என்றால் எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

இவ்வளவும் உட்கார்ந்து நிதானமாக அளக்கக்கூடிய கண்ணுக்கு. சமீபத்தில் கண்ணில் ஆபரேஷன் செய்தவர், அல்லது ஊசி போட்டவர், வலியோடும் திடீரென்று குறைந்த பார்வையோடும் வந்து, ஐரிஸுக்கு முன்னால் கீழ்ப்பக்கம் வெள்ளையாகச் சீழ் தேங்கி நிற்பதைக் கண்டால் ஸ்கேன் எதுவும் எடுக்க வேண்டாம். அது கண்ணுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம், அங்கே மணிக்கணக்கு முக்கியம். வரிசையில் எத்தனை பேர் இருந்தாலும் சரி, அவரை எழுப்பி நேராக டாக்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.